பக்கெட்டில் அள்ளிய சூரியன்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்தத் தேதியில் எந்த பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கும் என்பது சூரியனுக்கே தெரியாது. பெல்ட்டுக்குத் தெரியும்.

பெல்ட்டு என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. எங்கள் சுரங்கத்தில் வெட்டுகிற மண்ணும் நிலக்கரியும் மைல் கணக்கில் நீளும் ரப்பர் பெல்ட்டில் ஏறித்தான் வெளியே வரும். அந்த பெல்ட் அறுந்தால் ஒட்டுகிற மெக்கானிக் அவர். பக்கத்து ஊரான வடக்குத்து ஆள். பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பிறகு பர்மனென்ட் ஆனவர். அவருடைய சொந்தப் பெயர் கேட் பாஸில் மட்டும்தான் இருந்தது.

நான் பிளானிங் பிரிவில் இன்ஜினீயராக இருந்தவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். என்னிடம் இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், ஒரு ஸ்டாண்டு, அலமாரி நிறையப் புகைப்படப் புத்தகங்கள். டவுன்ஷிப் கேமரா கிளப்பில் பேச்சு என்றால் என் பேச்சுதான். பெல்ட்டிடம் இருந்தது யாரோ பழசாகத் தள்ளிவிட்ட ஒரு ஜூம் கேமரா. லென்ஸ் மூடி தொலைந்துபோய், ஊறுகாய் பாட்டில் மூடியைப் போட்டு மூடியிருப்பார். இதையெல்லாம் ஏன் ஒப்பிடுகிறேன் என்றால், எனக்கு அவர்மேல் பொறாமை. இந்த வயதில் அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொழுதில்லை.

முதலில் அவர் எடுத்த காதுகுத்துப் படத்தைச் சொல்கிறேன். ஃபோர்மேன் ஒருவர் தன் பேரனுக்குக் காது குத்தினார். பெல்ட்டு கேமராவும் கையுமாக அலைகிறாரே என்று அவரையே படம் எடுக்கச் சொல்லிவிட்டார். பெல்ட்டு காலையிலேயே வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டு, “கொழந்தைய இங்கதாங்க உக்கார வெக்கணும்” என்றார். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் சும்மா நின்றார். ஒரே ஒரு தடவை பட்டனை அழுத்தினார். கும்பிடு போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மறு வாரம் ஒரே ஒரு படம் வந்தது. ஆசாரியின் கை, ஊசி, அழுகை வெளியே வருவதற்கு ஒரு நொடி முன்னால் திறந்த குழந்தையின் வாய். அவ்வளவுதான்.

“யோவ் பெல்ட்டு! மாமன் எங்கய்யா? சீர்த்தட்டு எங்கய்யா? என் வீட்டுக்காரி புதுப்புடவை எங்கய்யா?”

“எல்லாரும் அந்த வாயிலதாங்க இக்கறாங்க. நல்லா பாருங்க.”

ஃபோர்மேன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு அந்தப் படத்துக்கு ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். அந்தப் பேரன் இன்று காலேஜ் போகிறான். இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். நானும் தொட்டிருக்கிறேன். தொட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க எரிச்சலாக இருந்தேன்.

எடிட்டிங் என்றால் கம்ப்யூட்டர் என்று கிளப்பில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெல்ட்டுக்கு எடிட்டிங் என்றால் வீட்டு ஃப்ரிட்ஜ். எடுத்த படத்தை போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார். போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். கண்ணை உறுத்துகிற ஓரத்தைக் கத்தரிக்கோலால் ஒரு நூல் வெட்டுவார். இரண்டு நாள் கழித்து இன்னொரு நூல். சில படங்கள் மாசக் கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். எதை வெட்டினால் படம் நன்றாகிறது என்று தெரிந்த பிறகுதான் மெயின் பஜார் ஸ்டூடியோவுக்குப் போய் கம்ப்யூட்டரில் அதே அளவுக்கு வெட்டச் சொல்வார். அவர் மனைவி ஒரு நாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“தக்காளி எடுக்கப் போனா ஒரு எருமை மொறைச்சிகினு நிக்குதுங்க. பத்து நாளா நானும் மொறைக்கிறேன். நான் மொறைச்சா அது பாஸாம். கண்டுக்காம போனா ஃபெயிலாம். வூட்ல எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க.”

மனைவியிடம் பாஸான படங்களுக்கு அடுத்த பரீட்சை மார்க்கெட்டில். போகிற வருகிறவர்களை மறித்துப் படத்தை நீட்டுவார். “எங்கங்க மொதல்ல பாத்தீங்க? யோசிக்காம சொல்லுங்க.” மீன்காரம்மா, பால்காரர், ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் என்று ஒருவரையும் விடமாட்டார். எருமைப் படத்தில் முக்கால்வாசிப் பேர் எருமையின் கண்ணைச் சொல்லாமல் பின்னால் கிடந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குடத்தைச் சொன்னார்கள். பெல்ட்டு ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தக் குடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கினார். குடம் அங்கேயேதான் இருந்தது. ஆனால் யார் கண்ணிலும் படவில்லை. “ஒண்ண அழிக்கறது தப்புங்க. கொஞ்சம் அமைதியா இருன்னு சொல்றது தப்பில்லீங்க,” என்பார்.

இனி என் கதை. டவுன்ஷிப் நூலகத்து முன் ஹாலில் பெரிய சுவர் ஒன்று உண்டு. பத்து வருஷமாக அந்தச் சுவரில் இருந்தது நான் எடுத்த மயில் படம். சுரங்கத்து மண்மேட்டில் ஒரு மயில், இடது பக்கம் ஒரு வேப்பமரம். நூலகத்துக்கு யார் வந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் புத்தகம் எடுக்கப் போனதைவிட, யாராவது அதைப் பார்க்கிறார்களா என்று பார்க்கப் போனதுதான் அதிகம்.

ஒரு நாள் கிளப் நண்பர்களோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். பெல்ட்டு வந்தார். படத்தையே பார்த்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த மரம் என்னாத்துக்குங்க நிக்குது?”

“பேலன்ஸுக்கு,” என்றேன்.

“அது இல்லன்னா மயிலு கீழ வுழுந்துடுமாங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெல்ட்டு சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். எட்டித் தன் உள்ளங்கையால் மரத்தை மறைத்துக் காட்டினார். நான் “நேரமாயிற்று” என்று கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடமிருந்த பிரிண்டை எடுத்து, மரத்தின்மேல் ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்துப் பார்த்தேன். பத்து வருஷமாகச் சும்மா நின்ற மயில் அப்போதுதான் பறக்கப் போகிற மாதிரி இருந்தது. யார் கல்யாணப் பத்திரிகை என்று நினைவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நான் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு கிளப்பில் ஒரு முடிவெடுத்தார்கள். அந்த வருஷப் போட்டியில் முதல் பரிசு வாங்குகிற படம் நூலகத்துச் சுவருக்குப் போகும். மயில் இறங்கும். போட்டியில் வேலையில் இருப்பவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். ஓய்வு பெற்றவர்கள் நடுவராகலாம். என்னை நடுவராகப் போட்டார்கள். பெல்ட்டுக்கு அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட். அவருக்கு அந்தச் சுவர் கிடைப்பதானால் அந்த வருஷம்தான்.

அவர் மனதில் மூன்று வருஷமாக ஒரு படம் இருந்தது. சுரங்கத்தில் மண் வெட்டும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். மாடி வீட்டைவிட உயரமான சக்கரம், விளிம்பு முழுக்கப் பல் வைத்த இரும்பு பக்கெட்டுகள். மாலையில் சூரியன் இறங்கும்போது ஒரு பக்கெட்டுக்குள் சரியாக உட்கார வேண்டும். மண்ணுக்குப் பதில் மெஷின் சூரியனை அள்ளி வந்த மாதிரி. அதுதான் அவர் நினைத்த படம்.

அதற்கு அவர் செய்த ஏற்பாட்டில் டவுன்ஷிப்பே கலங்கிவிட்டது. கையை நீட்டி சுண்டுவிரலைத் தூக்கிப் பிடித்தால் அந்த நகத்தில் பாதி அளவுதான் சூரியன் என்று கண்டுபிடித்திருந்தார். பக்கெட்டும் பாதி நகம் ஆகிற வரை பின்னால் போனால் இரண்டும் ஒரே அளவாகிவிடும். தினம் சாயங்காலம் ரோட்டோரம் நின்று மேற்கே பார்த்துச் சுண்டுவிரலைத் தூக்குவார். ஒரு செக்யூரிட்டி ஓடி வந்து, “அதுக்கு என்னய்யா பர்மிஷன் கேட்டுகினு நிக்கற? அதோ புதர்” என்று வழி காட்டினார்.

முதல் வருஷம் மேகம். இரண்டாம் வருஷம் வானம் சுத்தமாக இருந்தது. மெஷின் வெட்டிக்கொண்டே முன்னால் நகர்ந்துபோயிருந்தது. மூன்றாம் வருஷம் பல் மாற்றுவதற்காக மெஷினை நிறுத்தப் போகிற நாட்கள் அவருக்கு முன்பே தெரிந்திருந்தன. எந்த இரண்டு சாயங்காலம் சூரியன் அந்த இடத்தில் இறங்கும் என்று கணக்குப் போட்டார். என்னையும் கூப்பிட்டார்.

“சார், நீங்க வந்து நின்னா எனக்கு ஒரு தைரியங்க.”

முதல் நாள் புகை மறைத்தது. இரண்டாம் நாள் சுரங்கத்தின் விளிம்பில் பார்வையாளர் மேட்டுக்குப் போனோம். பெல்ட்டு சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தபடி பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார். “யோவ், இவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு நான் ஸ்டாண்டோடு மேட்டின் முனைக்குப் போனேன். போகப் போக மெஷின் பெரிதாயிற்று. சூரியன் அதே அளவில் இருந்தது. என் கேமராவில் அண்டா வாயில் கிடக்கிற எலுமிச்சம்பழம் மாதிரித்தான் தெரிந்தது. படித்தவன் செய்த தப்பு அது.

சூரியன் இறங்க இறங்க ஒரு வெல்டர் டீயும் கையுமாக அடுத்த பக்கெட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு காலைத் தொங்கப்போட்டார்.

“போச்சு! அந்த ஆளை இறங்கச் சொல்லி போன் போடு,” என்று பின்பக்கம் திரும்பிக் கத்தினேன்.

“இருங்க சார். அவருக்கே தெரியாம நமக்கு ஒத்தாச பண்றாரு,” என்று அங்கிருந்தே கத்தினார் பெல்ட்டு.

ஒரு பக்கெட்டில் சூரியன். அடுத்த பக்கெட்டில் ஒரு மனிதன் டீ குடிக்கிறான். மெஷின் நின்றிருந்த அமைதியில், எனக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை ‘க்ளிக்’ என்று கேட்டது. நான் பட்டனை அழுத்த மறந்து நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவசரமாக நாலைந்து எடுத்தேன்.

போட்டி நாளன்று நடுவர்கள் மூன்று பேர். ஸ்கூல் டிராயிங் மாஸ்டர், பெர்சனெல் பிரிவு ஆபீசர் அம்மா, நான். பெல்ட்டின் படம் மேஜைக்கு வந்ததும் மற்ற இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“சார், இது நிஜமா?” என்று கேட்டார் ஆபீசர் அம்மா. “சூரியன் இப்படி பக்கெட் சைஸுக்கு வருமா? நீங்கதான் எக்ஸ்பர்ட்.”

நிஜம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் அங்கே நின்றவன். அதே சூரியனும் அதே வெல்டரும் இருக்கிற படங்கள் என் கேமராவிலேயே இருந்தன. எனக்கு அந்த நேரத்தில் சுவரிலிருந்து இறங்குகிற மயில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

“பெல்ட் ஒட்டுகிறவர்தானே, படத்தையும் ஒட்டியிருப்பார்,” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஜோக்குகளில் நன்றாக எடுபட்டது அது ஒன்றுதான்.

சந்தேகம் வந்தால் கேமராவில் முதலில் பதிந்த படத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது விதி. டிராயிங் மாஸ்டர் பெல்ட்டிடம் போய்க் கேட்டார். திரும்பி வந்து சொன்னார்: “அழிஞ்சுபோச்சுங்கிறார். ஒட்டின மாதிரி இருக்குன்னு சொன்னேன். ‘நான் ஒட்டியிருந்தா ஒட்டு தெரிஞ்சிருக்காதுங்களே’ன்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போயிட்டார்.”

படம் தள்ளுபடி ஆயிற்று. மிச்சப் படங்களில் பரிசுக்கு எதுவும் தேறவில்லை. மயில் சுவரிலேயே இருந்தது. அடுத்த வருஷம் பெல்ட்டு ரிட்டையர் ஆகி, மகள் வீட்டோடு இருக்க நெல்லிக்குப்பம் போய்விட்டார். போவதற்கு முன் என்னைப் பார்க்க வந்தார். “நல்லா இருங்க சார்” என்றார். நானும் “நல்லா இருய்யா” என்றேன். அவர் முகத்தில் ஏதாவது கோபம் தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்காததால் எனக்குக் கோபம் வந்தது.

போன மாதம் நூலகத்திலிருந்து போன் வந்தது. “சார், சுவருக்கு பெயின்ட் அடிக்கிறோம். உங்க சாமான் ஒண்ணு இங்க கிடக்குது. வந்து எடுத்துக்கிறீங்களா?” போனேன். பழைய பேப்பரில் சுற்றி, துடைப்பக்கட்டையோடு சாய்த்து வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி மாட்டப் போகிறார்களாம். இந்தச் சாமானைக் காப்பாற்றத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் தேவலை. மறுநாள் மத்தியானம் நெல்லிக்குப்பம் பஸ் ஏறினேன்.

ஊருக்குள் கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. காற்றில் சர்க்கரைப் பாகு வாசனை. பெல்ட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “சார்! வழி கண்டுபுடிச்சி வந்துட்டீங்களே!” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

உட்காரக்கூட இல்லை. ஆரம்பித்துவிட்டேன். “பெல்ட்டு, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கெட் படத்தை...”

“சார், அசையாதீங்க.”

உள்ளே போய்க் கேமராவோடு வந்தார். “இப்ப சொல்லுங்க.”

சொன்னேன். நிஜம் என்று தெரிந்தும் ஒட்டு வேலை என்று சொன்னது நான்தான் என்றேன். பெல்ட்டு கேமராவைக் கீழே இறக்கினார்.

“தலைய குனிஞ்சிகினு சொல்லிட்டீங்க. கண்ணே தெரியல. இன்னொரு தபா சொல்லுங்க.”

“பெல்ட்டு, நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன்!”

“அதத்தாங்க சார் கேக்கறேன். நிமிந்து கேளுங்க.”

நிமிர்ந்து இரண்டாம் முறை சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினார். எனக்குப் பின்னால் கொடியில் சிவப்புத் துண்டு காய்கிறதாம், பார்க்கிறவர்கள் கண் துண்டுக்குப் போய்விடுமாம். துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன்.

“இருங்க, இருங்க. லாரி ஒண்ணு வருது. புழுதி கெளம்பட்டும்.”

லாரி போயிற்று. புழுதி கிளம்பியது. மாலை வெயில் அதில் விழுந்து தெரு முழுக்க மஞ்சளாயிற்று. மூன்றாம் முறை சொன்னேன். இந்த முறை சொல்ல நினைக்காததையும் சொன்னேன். மயிலைச் சொன்னேன், கல்யாணப் பத்திரிகையைச் சொன்னேன். நான் அடித்த ஜோக்கை அப்படியே சொன்னேன். அவர் படத்தைப் போல ஒன்று என்னால் ஆயுசுக்கும் எடுக்க முடியாது என்று தெரிந்துதான் செய்தேன் என்று சொன்னேன். ஒரே ஒரு ‘க்ளிக்’.

“எனக்குத் தெரியுமுங்க சார்,” என்றார். கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு கவரை எடுத்து வந்தார். அழிந்துபோயிற்று என்று சொன்ன அந்த முதல் படத்தின் பிரிண்ட். சக்கரம், சூரியன், வெல்டர். அவர் வெட்டி எறிந்த வலது ஓரத்தில் மேட்டின் முனை. அங்கே ஸ்டாண்டு பக்கத்தில் தொப்பியோடு நான். கேமராவை விட்டுவிட்டு, முகம் பக்கவாட்டில் தெரிய, வாயைப் பிளந்துகொண்டு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பீர்களே!”

“ஜெயிச்சிருப்பேங்க. உங்க பேரு என்னாங்க ஆவும்?” படத்தில் என் முகத்தின் பக்கத்தில் விரலை வைத்தார். “மூணு வருசம் காத்துகினு எடுத்தேன். அத நேர்ல பாத்து இப்படி வாயப் பொளந்தது நீங்க ஒருத்தர்தாங்க சார். அந்த மூஞ்சியக் காட்டி உங்களையே மாட்டி வுடச் சொல்றீங்களா?”

என் வீட்டு ஹாலில் இப்போது பெல்ட்டின் பக்கெட் படம்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் “ஒட்டினதா?” என்று கேட்கிறார்கள். “இல்லை, நான் பக்கத்தில் நின்றேன்” என்று அன்றைக்குச் சொல்லாததைத் தினம் சொல்கிறேன். இதைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று அவரிடம் போனில் சொன்னேன். எழுதச் சொன்னார். தன் பேரை மட்டும் போட வேண்டாம் என்றார். உங்க பேரையும் போடாதீங்க, பேரன் பேத்தி படிப்பாங்க என்றும் சொன்னார்.

என்னுடைய ஐம்பது வருஷக் கேமரா வாழ்க்கையில் யாரும் என்னை ஒழுங்காக எடுத்ததில்லை. அதனால் நான் போன பிறகு மாலை போட, நெல்லிக்குப்பத்தில் எடுத்த படத்தைத்தான் வைக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். படம் எப்போது கிடைக்கும் என்று பெல்ட்டிடம் கேட்டேன். இடது பக்கம் ஒரு நூல் வெட்டலாமா வேண்டாமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

“எனக்குக் கொஞ்சம் வருசம் ஆவுங்க சார். அதுவரைக்கும் நீங்க எங்கயும் போயிடாதீங்க.”

சரி என்று சொல்லியிருக்கிறேன்.